யுவாஸ்குலாவில் பிறந்த எழுத்து விளையாட்டு

போன வாரம் ஓபி. ஆறு வயசுப் பையன், சளின்னு கூட்டிட்டு வந்திருந்தாங்க. சீட்டு எழுதி முடிச்சதும் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "சார், போன்ல எழுத்து கேம் எல்லாத்துலயும் ஜெயிச்சுடுறான். புத்தகத்தைக் கொடுத்தா ஒரு வார்த்தை வாசிக்க மாட்டேங்கிறான். மூளையில ஏதாவது பிரச்சினையா சார்?"

வெளியே வரிசை நின்னுட்டிருந்தது. முழுசா பதில் சொல்ல முடியல. அந்தக் கேள்விக்குப் பின்னால முப்பது வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

கதை தொடங்குறது ஃபின்லாந்துல, யுவாஸ்குலாங்கிற பல்கலைக்கழக ஊர்ல. 1990களின் தொடக்கம். ஹெய்க்கி லூட்டினென் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் ஒரு பொறுமையான வேலையை ஆரம்பிச்சாங்க. டிஸ்லெக்சியா, அதாவது புத்திசாலிப் பிள்ளைக்கும் வாசிப்பு மட்டும் வராமல் திணறும் நிலை, குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பெற்றோருக்கு அந்தச் சிக்கல் இருக்கிற சுமார் 100 குழந்தைகள், இல்லாத சுமார் 100 குழந்தைகள். பிறந்ததுல இருந்தே பின்தொடர ஆரம்பிச்சாங்க.

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு பா, டா, கா மாதிரி ஒலிகளைக் கேட்க வைத்து, தலையில் இஇஜி மின்முனைகள் வைத்துப் பதிவு செய்தார்கள். ரெண்டு குழுவுக்கும் மூளை பதில் சொல்ற விதத்தில் அப்பவே வித்தியாசம் இருந்தது. கண்ணுல இல்லைங்க, காதுல கேட்ட ஒலியை மூளை பிரிச்சுப் பார்க்கிற இடத்துல.

குழந்தைகள் வளர வளர இன்னொண்ணும் தெரிஞ்சது. ஃபின்லாந்தில் 7 வயதில்தான் பள்ளி. அதுக்கு முன்னாடியே ஒரு குழந்தைக்கு எத்தனை எழுத்து தெரியும் என்பது, பின்னால் வாசிப்பு எப்படி வரும் என்பதை நல்லாவே முன்கூட்டிக் காட்டியது. அப்போ எழுத்தையும் ஒலியையும் சீக்கிரமே கோத்து விட்டால் என்ன?

இப்படிப் பிறந்ததுதான் 'ஏகாபெலி'. 'முதல் விளையாட்டு'ன்னு அர்த்தம். வெளிநாடுகளில் இதன் பெயர் கிராஃபோகேம். ஹெட்போனில் ஒரு ஒலி கேட்கும். திரையில் எழுத்துகள் மேலிருந்து விழும். சரியானதைத் தொடணும். தப்பாத் தொட்டா சரியான எழுத்தைக் காட்டிட்டு, கொஞ்ச நேரத்துல அதையே திரும்பக் கொண்டுவரும். குழந்தை பெரும்பாலும் ஜெயிக்கிற மாதிரி, ஆனா சலிச்சுப் போகாத மாதிரி, கடினத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். அந்தக் காலத்துக்கு இது அபாரமான யோசனை.

ஃபின்னிஷ் மொழிக்கு ஒரு வசதி உண்டு. கிட்டத்தட்ட ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி. எழுத்தும் ஒலியும் பிடிபட்டால் வாசிப்புக்குப் பாதி தூரம் வந்த மாதிரி. 2011-ல் வந்த ஃபின்லாந்து ஆய்வில், பின்தங்கிய முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் ஒரு பகுதி நேரத்தை இந்த விளையாட்டுக்குக் கொடுத்தார்கள். வழக்கமான சிறப்பு வகுப்பு மட்டும் கிடைத்தவர்களை விட இந்தப் பிள்ளைகள் நல்லா முன்னேறினாங்க.

அதுக்கு முந்தைய வருஷம், 2010-ல், சுவிட்சர்லாந்து ஆய்வு. வாசிக்கத் தெரியாத மழலையர் வகுப்புப் பிள்ளைகள், சில வாரங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கும் குறைவான விளையாட்டு. அதுக்கப்புறம் ஸ்கேன் பண்ணினால், மூளையின் பின்-கீழ்ப் பகுதி அச்செழுத்துக்குத் தனியா பதில் சொல்ல ஆரம்பிச்சிருந்தது! இதைப் படிச்சுட்டு ரெண்டு மூணு பெற்றோர்கிட்ட "ஆப் போட்டுக் கொடுங்க, தானா வந்துடும்"னு நானே சொல்லியிருக்கேன். தப்பு. ஆய்வு சொன்னது ஒண்ணு, நான் கேட்டுக்கிட்டது ஒண்ணு.

அடுத்து இங்கிலாந்து. ஆங்கிலத்தில் 'ஏ' என்ற ஒரே எழுத்து ஆப்பிளில் ஒரு மாதிரி, காரில் ஒரு மாதிரி, கேக்கில் ஒரு மாதிரி. அதனால் கேம்பிரிட்ஜின் உஷா கோஸ்வாமியும் சேர்ந்து, ஒரே மாதிரி முடியும் வார்த்தைகளைக் கூட்டமாகச் சொல்லித் தரும் பதிப்பு உருவானது. வாசிப்பில் பின்தங்கிய கிட்டத்தட்ட 400 பிள்ளைகளை வைத்துப் பெரிய சோதனை, அறிக்கை 2018-ல் வந்தது. விளையாடிய பிள்ளைகள் முன்னேறினாங்க. விளையாடாமல் வழக்கமான பாடம் படிச்ச பிள்ளைகளும் அதே அளவு முன்னேறினாங்க.

அதன்பின் நார்வேயின் ஸ்டாவங்கர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. வார்த்தை வாசிப்பில் சராசரிப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனா அதே கணக்குக்குள்ள ஒரு விஷயம் ஒளிஞ்சிருந்தது. பெரியவர் ஒருவர் கூட ஈடுபட்ட ஆய்வுகளை மட்டும் பிரிச்சுப் பார்த்தா, பலன் தெளிவா இருந்தது. மென்பொருள் அதேதான்.

ஜாம்பியாவில் இதே சங்கதி முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தலைநகர் லுசாக்காவின் முதல் வகுப்புகளில், சிநியாஞ்சா மொழியில் போன் மூலம் இந்த விளையாட்டைக் கொடுத்தாங்க. 2014-ல் வெளியான முடிவில் அதிகப் பலன் எங்கே தெரியுமா? பிள்ளைகளோட ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடின இடத்துல.

ஏன்? என் கணிப்பைச் சொல்றேன். திரையில் மூணு எழுத்து காட்டி எதுன்னு கேட்டால் அது அடையாளம் காணுறது. புத்தகத்தில் மூணு எழுத்தைப் பார்த்து, ஒலியைத் தானே நினைவிலிருந்து எடுத்து, சேர்த்து 'படம்'னு சொல்றது வேற வேலை. முதல் வேலையில் நூத்துக்கு நூறு வாங்குற பிள்ளை ரெண்டாவதுல முட்டி நிற்கலாம். அந்த இடைவெளியில கை பிடிக்க ஆள் வேணும்.

தமிழுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூணையும் சத்தமாச் சொல்லிப் பாருங்க. க-வரிசை எழுத்து மூணு விதமா ஒலிக்கும். ஃபின்லாந்து கணக்கை அப்படியே நகலெடுத்த ஆப் இதை எப்படிச் சொல்லித் தரும்? ஒரு ஆப்பை நம்புறதுக்கு முன்னாடி நீங்களே பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்க.

அந்தப் பையனுக்குக் காதும் கண்ணும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தேன். இந்த வயசுல டிஸ்லெக்சியான்னு முத்திரை குத்த அவசரமில்லை, ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். அவன் விளையாடும்போது பக்கத்துல உட்காரச் சொன்னேன்.

"நான் அஞ்சாவதுதான் சார் படிச்சேன். உக்காந்து என்ன பண்றது?"

"எந்த எழுத்துல தப்பு விடுறான்னு மட்டும் பாருங்கம்மா. கேம் முடிஞ்சதும் அந்த எழுத்தை ரேஷன் பையில, பஸ் போர்டுல தேடச் சொல்லுங்க."

பையன் அதுக்குள்ள என் மேஜையில இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தான்.