உணவு ஒவ்வாமையும் அயல்நாட்டுப் பிரயாண ஆகாரமும்

நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன் முதலிய சாதாரண ஆகாரங்களுள் ஒன்றோ பலவோ சரீரத்துக்கு ஒவ்வாமல், தோல் தடிப்பு முதல் மூச்சுத் திணறல், ரத்த அழுத்த வீழ்ச்சி ஆகிய பிராணாபாயம் வரை உண்டாகும் இயல்புடையவர்கள், போகும் தேசத்தில் தமக்கு ஏற்ற உணவு கிடைக்குமோ என்ற ஐயத்தால், பழகிய ஆகாரத்தைக் கையோடு கொண்டு செல்வது வழக்கம். அவ்வாறு கொண்டு செல்லும் உணவை ஒவ்வொரு தேசமும் தன் வாயிலில் எவ்வாறு பரிசோதிக்கிறது, எதை அனுமதிக்கிறது, எதைப் பறிமுதல் செய்கிறது என்பனவே இக்கட்டுரையின் விஷயமாகும்.

இதிலுள்ள சிக்கல் அனைத்துக்கும் மூலகாரணமாக ஒரு முரண்பாடு இருக்கிறது. வீட்டு அடுப்பில், வேறு மாவு படாத பாத்திரத்தில், இன்னது சேர்ந்தது, இன்னது சேரவில்லை என்று திட்டமாய் அறிந்தவர் சமைத்துக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக் காட்டிலும் ஒவ்வாமையுடையவருக்கு நம்பகமான உணவு வேறில்லை. ஆனால், பெயர்ச்சீட்டும் உற்பத்தி ஸ்தலமும் அறியக் கிடைக்காத அந்தப் பொட்டலத்தைக் காட்டிலும் எல்லை அதிகாரிக்குச் சந்தேகம் விளைவிக்கும் வஸ்துவும் வேறில்லை. ஆலையில் அடைத்து, சீட்டு ஒட்டி, உடைபடாமலிருக்கும் டப்பாவோ அதிகாரிக்குப் பூரண திருப்தி தருகிறது. அதே இயந்திரத்தில் முந்தின தினம் முந்திரி அரைபட்டிருக்கலாமே என்று கலங்குபவர் நோயாளிதான். இருவரும் அபாயத்தையே தேடுகிறார்கள்; நோயாளி தேடுவது தம் சரீரத்துக்கு வரும் அபாயம், அதிகாரி தேடுவது தம் நாட்டு வயலுக்கும் தொழுவத்துக்கும் வரும் அபாயம்.

அதிகாரியின் பயம் காரணமற்றதன்று. 2001ஆம் ஆண்டில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டபோது, அயல்நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வந்த இறைச்சியின் மிச்சம் பன்றித் தீவனத்தில் கலந்ததே அதன் ஆரம்பமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2022ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் அந்நோய் கண்டபின், ஜூலை மாதத்தில் பாலித் தீவிலிருந்து டார்வின் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பிரயாணியின் பையில், முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு ரொட்டிகளையும் மற்றொரு தின்பண்டத்தையும் மோப்ப நாய் கண்டுபிடிக்க, காலைச் சிற்றுண்டிக்கென வாங்கிய அவற்றை அறிவிக்கத் தவறியதற்காக அவர் 2,664 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. அபராதம் உணவுக்காக அன்று, மறைத்ததற்காகவே என்பது இங்கே கவனிக்கத்தக்கது. வந்திறங்குவோர் பூர்த்தி செய்யும் படிவத்தில் உணவு உண்டு என்று ஒப்புக்கொண்டவரிடம், அப்பண்டம் அனுமதிக்கத்தகாததாயினும், அதைப் பெற்றுக்கொண்டு அபராதமின்றி அனுப்பிவிடுவதே ஆஸ்திரேலியாவின் முறை. நியூஸீலாந்தில் அறிவிக்காத பழம் ஒன்றுக்குக்கூட அந்த இடத்திலேயே 400 டாலர் விதிக்கிறார்கள்.

கோதுமை ஒவ்வாதவருக்கு அரிசியும் பருப்புமே கதி என்பதால், நம் நாட்டிலிருந்து புறப்படும் அத்தகையோர் ஒரு சிறு பூச்சியைப் பற்றி விசேஷமாக அறிந்திருக்க வேண்டும். கப்ரா வண்டு எனப்படும் இது இந்தியாவைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. சேமித்த தானியத்தைத் தூளாக்குவது. இதன் புழு இரையின்றியே ஆண்டுக்கணக்கில் இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்க வல்லது. கலிபோர்னியாவில் 1953ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இப்பூச்சியை ஒழித்து முடிக்க 1966 வரை சென்றது. புழு உதிர்க்கும் நுண்ணிய ரோமங்கள் தானியத்தில் கலந்து தின்பவரின் வயிற்றையும் தீண்டுபவரின் தோலையும் உறுத்தக்கூடியவை என்பதால், ஒவ்வாமைக்கு அஞ்சி அரிசி கொண்டு செல்பவருக்கும் இந்த வண்டு நண்பனல்ல. 2020ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியா, அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, உளுந்து, துவரை, மிளகாய் வற்றல், கொத்தமல்லி விதை, சீரகம் ஆகியவற்றைப் பிரயாணிகளின் மூட்டையிலோ தபாலிலோ வரவிடாமல் தடுத்திருக்கிறது. ஒரு தமிழ்ச் சமையலறையின் அஞ்சறைப்பெட்டியில் பாதிக்குமேல் இதில் அடங்கிவிடுகிறது. ஆயினும் தொழிற்சாலையில் வறுத்தோ வேகவைத்தோ பொரித்தோ பக்குவப்படுத்திய பண்டங்களுக்கு இத்தடையிலிருந்து விலக்கு உண்டு. அமெரிக்காவும் 2011 முதல் இப்பூச்சியுள்ள நாடுகளிலிருந்து பிரயாணிகள் கொண்டுவரும் அரிசியைக் கட்டுப்படுத்தி வருகிறது.

நோயாளியின் நிலையைச் சட்டத்திலேயே நினைவில் வைத்த உதாரணம் ஐரோப்பிய யூனியன். வெளிநாட்டு இறைச்சியும் பாற்பொருள்களும் பிரயாணிகளின் பையில் அங்கே நுழைய முடியாதெனினும், குழந்தைகளுக்கான பால்மாவு, குழந்தை உணவு, வைத்தியக் காரணத்தால் அவசியமான விசேஷ உணவு ஆகியவை 2 கிலோ வரை அனுமதிக்கப்படுகின்றன. திறக்கும்வரை குளிர்பதனம் வேண்டாதவையாகவும், ஒரு வணிகப் பெயரோடு ஆலையில் அடைக்கப்பட்டவையாகவும், அப்போது உபயோகத்திலிருந்தாலொழிய உறை பிரியாதவையாகவும் அவை இருக்கவேண்டுமென்பது நிபந்தனை. இரக்கத்துடன் இயற்றிய இவ்விதியும் வீட்டுச் சமையலுக்கு இடங்கொடுக்கவில்லை. தாவர உணவில், 2019 டிசம்பர் முதல், அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் என்ற ஐந்தும் தவிர, பச்சைப் பழமும் காய்கறியும் தாவர சுகாதார அத்தாட்சியின்றி அங்கே செல்வதற்கில்லை.

வைத்தியரின் கடிதத்தைப் பற்றிப் பிரயாணிகளிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. அக்கடிதத்துக்கு மதிப்புள்ள இடம் பெரும்பாலும் புறப்படும் விமான நிலையத்தின் பாதுகாப்புப் பரிசோதனையே. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடந்து செல்லும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகு, திரவங்கள் 100 மில்லிலிட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டுமென்ற விதி பரவியது. குழந்தை உணவும் மருந்தும் விசேஷப் பத்திய உணவும் அவ்விதிக்கு விலக்காயிருப்பதால், சோயாப் பாலையோ ஓட்ஸ் பாலையோ அதிக அளவில் கொண்டு செல்வோருக்குக் கடிதம் உதவுகிறது. இறங்கும் நாட்டிலோ, தடையிலுள்ள மாம்பழத்தை எந்த வைத்தியரின் கையெழுத்தும் உள்ளே விடாது. பரிசோதனை மேஜையில் வேண்டிய வஸ்து கடிதத்தைவிட அசல் உறையே. பண்டத்தைத் தம் வீட்டு டப்பாவில் மாற்றிக்கொண்டு உறையைக் குப்பையில் எறிந்துவிடுகிறவர் தமக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே பத்திரத்தை எறிந்தவராகிறார்.

அட்ரினலின் ஊசி இவற்றினின்றும் வேறானது. அது மருந்தாதலால் உணவுச் சட்டங்களுக்கு உட்பட்டதன்று. அதிக உஷ்ணமும் உறைபனியும் அதைக் கெடுத்துவிடுமாதலின், விமானத்தின் அடியிலுள்ள சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைப்பது முறை.

கொண்டுபோன ஆகாரம் பறிபோனால் அந்நாட்டுக் கடைப் பண்டங்களையே நாடவேண்டியிருக்கும். அப்போது உறையிலுள்ள எழுத்துகளே துணை. ஆனால், எவற்றை ஒவ்வாப் பொருளெனக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதில் தேசங்கள் ஒத்துப்போவதில்லை. ஐரோப்பிய யூனியனின் பட்டியலில் எள், கடுகு, செலரி உட்படப் பதினான்கு இனங்கள் உண்டு. அமெரிக்கா 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் எட்டு இனங்களைக் குறித்து, 2023 ஜனவரி முதல் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்தது. ஜப்பானியப் பட்டியலில் அந்நாட்டார் சோபா என்னும் நூடுல்ஸுக்குப் பயன்படுத்தும் பக்வீட் மாவும் இடம்பெறுகிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு விதிகளிலுள்ள பட்டியலில் எள்ளும் இல்லை, கடுகும் இல்லை. எனவே, நம் ஊர் உறையில் ஒவ்வாப் பொருள் அறிவிப்பை மட்டும் வாசித்துப் பழகிய எள் ஒவ்வாதவர், இட்லிப் பொடிப் பொட்டலத்தை அயல்நாட்டிலோ உள்நாட்டிலோ பிரிக்கும் முன் சேர்மானங்களின் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும். கடுகு ஒவ்வாதவரோ, ‘மசாலாப் பொருள்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கக் கூடுமாதலால், தயாரித்தவரையே விசாரிக்க வேண்டியவராயிருக்கிறார்.