யானை ஹெர்பிஸ் வைரஸ் மரபணு ஆய்வு

யானை ஹெர்பிஸ் வைரஸ் (இ.இ.எச்.வி.) இளம் ஆசிய யானைகளின் இரத்தக்குழாய் உட்சுவரைத் தாக்கி, உள்ளுறுப்புகளில் இரத்தக்கசிவை உண்டாக்கும் வைரஸ். நோய் வெளிப்பட்ட ஓரிரு நாட்களில் குட்டி இறந்துவிடக்கூடும். வழக்கமான செல் வளர்ப்பு முறைகளில் இந்த வைரஸ் வளரவில்லை. எனவே இறந்த யானைகளின் திசுக்களில் கிடைத்த மரபணுக்களைக் கொண்டே இதன் வரலாறு அறியப்பட்டது.

கண்டறிதல்

1995இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் குமாரி என்ற 16 மாதக் குட்டி இறந்தது. அதன் தாய் சாந்தி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட யானை. லாரா ரிச்மன் குழுவினர் இந்நோய்க்குக் காரணமான வைரஸை 1999இல் 'சயின்ஸ்' இதழில் விவரித்தனர். வைரஸ் பெருக்கத்திற்கு இன்றியமையாத இரு மரபணுக்கள் இதற்கு உதவின. ஒன்று, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கானது. மற்றொன்று, நகல்களை வெட்டிப் புரத உறைக்குள் அடைக்கும் டெர்மினேஸ் நொதிக்கானது. ஹெர்பிஸ் குடும்பத்தில் இவை அதிகம் மாறுவதில்லை என்பதால் புதிய வைரஸையும் அடையாளம் காண முடிந்தது.

ஆப்பிரிக்க யானைகளிலும் ஒத்த வைரஸ்கள் காணப்பட்டன. ஆகவே இது காட்சிசாலைகளில் அவற்றிடமிருந்து ஆசிய யானைகளுக்குத் தாவிய நோய் என்ற கருத்து எழுந்தது.

தென்னிந்தியச் சான்று

கால்நடை மருத்துவர் அருண் சக்கரியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரி ஹேவர்ட் உள்ளிட்டோர், தென்னிந்தியாவில் இறந்த யானைகளின் திசுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்டு யானைகளிலும் முகாம்களில் வளர்ந்த தாயற்ற குட்டிகளிலுமாக 9 இறப்புகளில் வைரஸ் உறுதியானது. ஒரே முகாமில் 3 நாட்களுக்குள் இறந்த இரு குட்டிகளில் மரபணு வரிசை ஒன்றாகவே இருந்தது. அவற்றுக்குத் தொற்று ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. மற்றவற்றில் மரபணு வேறுபாடு மிகுந்திருந்தது. அண்மையில் தாவிய வைரஸில் இத்தனை வேறுபாடு இருக்காது. ஆகவே இது ஆசிய யானையுடன் நெடுங்காலம் வாழ்ந்துவரும் வைரஸ் என்ற முடிவு வலுப்பெற்றது.

மருத்துவப் பயன்

2013இல் இவ்வைரஸின் முழு மரபணுத்தொகுதிகளும் வெளியாயின. ஹெர்பிஸ் மருந்துகளைச் செயல்படத் தூண்டுபவை வைரஸின் நொதிகளே. அவற்றுக்கு ஒப்பான மரபணுக்கள் இதிலும் உள்ளன. ஆனால் வைரஸை வளர்க்க இயலாததால் மருந்துகளை நேரடியாகச் சோதிப்பது கடினமாயிற்று. ஃபாம்சிக்ளோவிர் பெற்ற குட்டிகளில் சில பிழைத்தன, பல இறந்தன.

2019இல் ஒடிசாவின் நந்தன்கானன் காட்சிசாலையில் 4 இளம் யானைகள் இந்நோயால் இறந்தன. வளர்ந்த யானைகள் நோயின்றியே வைரஸைச் சுமப்பதால் தொற்றை முற்றிலும் விலக்க இயலாது. குட்டிகளின் இரத்தத்தை அடிக்கடி பி.சி.ஆர். முறையில் சோதித்து, அறிகுறி தோன்றுமுன் சிகிச்சை தொடங்குவதே முதன்மையான பாதுகாப்பாக உள்ளது.