இறக்கின வண்டியும் எழுபது வளைவுகளும்

'தாழ்த்தப்பட்ட கார்' என்று தமிழில் எழுதிவிட முடியாது. அந்தச் சொல்லின்மேல் ஏற்கெனவே வேறொரு வரலாறு உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் சொல்வது 'இறக்கின வண்டி'. ஸ்பிரிங்கை வெட்டியோ குட்டை ஸ்பிரிங் மாட்டியோ உடம்பைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்த சின்னக் கார். அதற்கு எந்த ரிம், எந்த டயர் பொருந்தும் என்பது வெறும் பொறியியல் கேள்வியாகவே கேட்கப்பட்டு வருகிறது. அது சமதளத்தின் கேள்வி என்பது என் வாதம். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டிலிருந்து பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும். (இங்கே 'நாடு' என்பது தேசம் அல்ல, சில ஊர்கள் சேர்ந்த மலையாளிப் பழங்குடிகளின் பழைய அலகு. தேசம் பிற்பாடு ரோடு வழியாக ஏறி வந்தது.)

வண்டியை இறக்குவது அலங்காரமாகவும் எதிர்ப்பாகவும் சேர்ந்தே உருவான இடம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சலஸ். வெள்ளையர் வேகத்தைக் கொண்டாடியபோது மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களைத் தரையோடு இறக்கி அகன்ற தெருக்களில் மெதுவாக ஓட்டினார்கள். மெதுவாகப் போவதே ஒரு பேச்சு. 1950களின் இறுதியில் கலிபோர்னியா சட்டம் போட்டது: வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. ரான் அகிரே 1959இல் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் உயரும், போனதும் இறங்கும். அந்த விதியை நீக்க 2024 ஜனவரி வரை ஆயிற்று.

நம்மிடம் இது தெருவிலிருந்து கிளம்பவில்லை. போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களிலிருந்து வந்தது. ஓடுதளத்தைவிடச் சமதளம் உண்டா? பிறகு கோவையின் கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதியைக் கட்டினார். 1983 டிசம்பரில் வந்த அந்தச் சின்னக் கார், பழசானபின் நடுத்தர வர்க்கப் பையன்கள் கைக்கு மலிவாக வந்து சேர்ந்தது. இறக்கும் ஆசையும் அதன் மேலேயே இறங்கிற்று.

கணக்கைப் பார்ப்போம். 800இன் டயர் 145/70 ஆர் 12. அகலம் 145 மி.மீ.; பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதம்; ரிம் 12 அங்குலம். மொத்த விட்டம் 508 மி.மீ. 13 அங்குல ரிம்மில் 165/65 போட்டால் 545 ஆகிவிடும், 7 சதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகும். 37 குதிரைத்திறன்தான் உள்ள எஞ்சினுக்கு ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கினதில் போன தரை இடைவெளி 18 மி.மீ. திரும்பக் கிடைக்கும், ஆனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அதே 18 போய்விடும். இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் வாங்குகிற வியாபாரம். 13 அங்குலமே வேண்டுமென்றால் 165/55 போடலாம், விட்டம் 512தான். ஆனால் பக்கச்சுவர் 91 மி.மீ.யாகச் சுருங்கும், குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குத்தான்.

நட்டுத் துளைகளின் வட்டமும் ஒத்துப்போக வேண்டும். 800க்கு அது 114.3 மி.மீ.; ஸ்விஃப்டின் 100 மி.மீ. அலாய் அதில் ஏறாது. ஆஃப்செட் இன்னும் நுணுக்கம். ரிம் ஓர் அங்குலம் அகலமாகி ஆஃப்செட் 10 குறைந்தால் வெளிவிளிம்பு 23 மி.மீ. வெளியே தள்ளும், உள்பக்கம் 3 மி.மீ.கூட நகராது. இறக்கின வண்டியில் அந்த 23தான் மட்கார்டை அறுக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் பட்டறைத் தரையில், காலி வண்டியில், சக்கரம் நேராக நிற்கும்போது செய்யப்படுவது. காரவள்ளியிலிருந்து ஏறுகிறவனுக்கு முன்னால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகையோடு. வளைவில் ஸ்டீயரிங் ஏறக்குறைய முழு லாக். நாலு பேர் பாரத்தோடு உடம்பு வெளிப்பக்கம் சாய, அந்தப் பக்கத்து முன்சக்கரம் மேலேறி, திரும்பின நிலையிலேயே உள்கூட்டில் உரசும். உள்பக்கச் சக்கரம் தொங்கும். வெட்டின ஸ்பிரிங் அப்போது தன் இருக்கையைவிட்டு நழுவப் பார்க்கும். வளைவு முடிந்து ஏற்றம் சட்டென்று செங்குத்தாகிற இடத்தில் சைலன்சர் தட்டும். கலிபோர்னியத் தெருவும் சோழவரமும் கேட்காத கேள்வியை மலை எழுபது தடவை கேட்கிறது.

சட்டம் வேறு விதமாகக் கேட்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் அனுமதி வாங்கி மாற்ற வழி இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் தயாரிப்பாளர் குறித்ததையே எல்லையாக்கிற்று. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாற்றம்தான் 'மாற்றம்' என்று பிரிவே சொல்கிறது. டயர் ஓர் அளவு அகலமானால் அடிப்படை மாறிற்றா? ரோட்டில் மறிக்கிறவரின் கண்தான் அதைத் தீர்மானிக்கும்.

மலைக்குக் கீழே நாமக்கல். வெறும் சேஸியை வாங்கி அதன்மேல் லாரியின் உடம்பைக் கட்டியே பேர் வாங்கின ஊர். அதற்கும் விதிகள் உண்டுதான். ஆனால் சரக்குக்காகக் கம்பெனி வண்டியின்மேல் கை வைத்தால் தொழில். சந்தோஷத்துக்காகப் பையன் கை வைத்தால் குற்றம். பையன்களைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. சரியாக இறக்கத் தெரிந்த மெக்கானிக் நாலு பேரை உள்ளே உட்காரவைத்து, மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸ் தடவி, இரண்டு பக்கமும் முழு லாக் திருப்பி, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்கிறார். டயரில் வெள்ளை ஒட்டினால் அந்த ரிம்மைக் கழற்றச் சொல்கிறார். அந்தச் சோதனைக்குப் படிவம் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இல்லை.