ஒரே 'க', ஓராயிரம் பக்கம்

பிளாஷ் பழகினவைக்கு அதில இருந்த 'லைப்ரரி' பெட்டி நினைவிருக்கும். ஒரு காகத்தை ஒருக்கா வரைந்து அதற்குள் போட்டுவிட்டால் போதும். திரையில் ஐம்பது காகம் பறந்தாலும் நினைவகத்தில் இருப்பது ஒன்றுதான். ஒவ்வொரு காகத்துக்கும் படத்தைப் புதுசா ஏற்றினால் கணினி மூச்சுத் திணறும். மல்டிமீடியா வகுப்பில் இதைப் பெரிய தந்திரமாகச் சொல்லித் தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அச்சுக்கோத்த ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால், "இதில என்ன புதினம்?" எண்டு கேட்டிருப்பார்.

அமெரிக்க மிஷனுக்காக 1820இல் ஜேம்ஸ் கரெட் என்ற அச்சுக்காரர் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கில அரசு அவரைத் தங்க விடவில்லை. 1830களில் தடை நீங்கி, ஈஸ்ட்மன் மைனர் வந்த பிறகுதான் மானிப்பாய் அச்சகம் முழுமூச்சில் ஓடியது. 1841இல் அங்கிருந்துதான் 'உதயதாரகை' வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் ஓர் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷனரிமாரின் ஆயுதத்தாலேயே மிஷனரிமாருக்குப் பதில்.

இரண்டு தரப்புக்கும் இருந்த தலையிடி ஒன்றுதான்: எழுத்து. ஈயக்கலவையில் வார்த்த அச்செழுத்து விலையான சாமான். அதிலும் தமிழ் கொஞ்சம் பொல்லாதது. கொம்பையும் அரவையும் தனித்தனியாக வார்த்தால் எந்த மெய்யோடும் சேர்க்கலாம்; 'கெ', 'கொ' இரண்டுக்கும் ஒரே கொம்பு போதும். ஆனால் உகர ஊகார வரிசைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. 'கு', 'சு', 'து' எல்லாம் வேறு வேறு உருவம். 18 மெய்க்கும் 36 தனி அச்சு வேணும். எங்கட எழுத்திலேயே பாதி மறுபயன்பாடு, பாதி ஊதாரித்தனம்.

ஒரு முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாகக் கோத்துவைக்க எந்தச் சின்ன அச்சகத்திடமும் எழுத்து இராது. சில பக்கங்களைக் கோப்பார்கள், திருத்துவார்கள், வேண்டிய பிரதிகளை அடிப்பார்கள். பிறகு பக்கத்தைக் குலைத்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவார்கள். காலையில் தேவாரத்தில் நின்ற 'க' பின்னேரம் கடை விளம்பரத்தில் நிற்கும். தேய்ந்துபோனால் உருக்கி வார்க்கலாம். பக்கத்தை அச்சுப்பிடித்துத் தகடாக வார்த்து வைக்கும் முறையும் இருந்தது. ஆனால் சில நூறு பிரதி போகும் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

சிக்கனம்தான். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்ததை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. பிளாஷில் காகத்தை எத்தனை தரம் பாவித்தாலும் காட்சியும் கோப்பில் அப்படியே இருக்கும். அச்சகத்திலோ எழுத்து மிஞ்சும், பக்கம் மிஞ்சாது. இரண்டாம் பதிப்பு வேண்டுமென்றால் முதல் எழுத்திலிருந்து திரும்பக் கோக்க வேணும். கோப்பதற்குக் கையில் ஒரு பிரதியாவது இருக்க வேணும்.

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. அங்கே எரிந்த பழைய உள்ளூர் வெளியீடு பலவற்றுக்கு 'மூலக்கோப்பு' என்று ஒன்று உலகத்தில் எங்கேயும் இருக்கவில்லை. தாள்தான் மூலம். (பிளாஷ்காரர் அந்தப் பெட்டிக்கு 'லைப்ரரி' என்று பெயர் வைத்தது எங்களுக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும். அந்த பிளாஷையும் அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் கைவிட்டுவிட்டது.)

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இணையத்தில் சேர்த்துவருவது இந்தத் தாள்களைத்தான். பெரிய நூல்கள் மட்டுமல்ல, அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டுகளும்தான். கல்வெட்டில் வரும் சிவபுராணமும் தேவாரமும் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. அதைப் பத்திரப்படுத்தாவிட்டாலும் குடி முழுகாது. முதல் நாலு பக்கம்தான் கதை: இன்னார் இன்ன ஊர், மலாயாவில் வேலை, இன்ன பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர். ஒரு ஊரின் சரித்திரம் வேறு எங்கும் எழுதப்படாமல் அதில் மட்டும் கிடக்கும்.

உங்கட வீட்டு அலுமாரியிலும் அப்படி ஒன்று கிடந்தால், கரையான் பார்க்க முந்தி ஸ்கான் பண்ணக் குடுங்கோ. அதை அடித்த எழுத்துகள் அடுத்த கிழமையே ஆரோ ஒருவரின் கலியாணக் காட்டுக்குப் போய்விட்டன.