மூக்குக் கண்ணாடியும் தொடுவில்லையும்

பார்வைக் குறையைத் தீர்க்கும் கருவிக்குத் தமிழர் இட்ட பெயர் மூக்குக் கண்ணாடி என்பது. மராட்டியர் அதனைச் 'சஷ்மா' என்பர். கண்ணைக் குறிக்கும் பாரசீகச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. பயன் பெறும் உறுப்பை அவர்கள் நினைத்தார்கள்; பாரம் தாங்கும் உறுப்பையும் நாம் மறக்கவில்லை. புனேயை அடுத்த ஆகுர்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்விரு சொற்களும் ஒரே நாவில் வழங்குகின்றன. இப்பொழுது மூன்றாவதாகக் 'காண்டாக்ட் லென்ஸ்' என்னும் சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் அதனைத் தொடுவில்லை என்கிறோம். மூக்கின் துணையும் வேண்டாது, கண்ணின் மேலேயே அமர்வது அது. கல்லூரிக்குச் செல்லும் மகளும், பட்டறையில் பணி புரியும் மகனும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இதனை அணியலாமா என்று பெற்றோரைக் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை காண இவ்விரு கருவிகளின் வரலாறும் நமக்குத் துணை செய்யும்.

மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் தோன்றியது. 1306-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் சமயச் சொற்பொழிவு ஆற்றிய துறவி ஒருவர், இக்கலை கண்டறியப்பட்டு இன்னும் இருபது ஆண்டுகள் நிறையவில்லை என்று கூறியிருக்கிறார். முதலில் வந்தவை நடுவில் தடித்த குவிவில்லைகள். முதுமையில் எழுத்து மங்கியோர்க்கு அவை உதவின. தொலைவிலுள்ளது தெரியாத இளைஞர்க்கு உதவும் குழிவில்லைகள் பதினைந்தாம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தன. இவற்றைக் கையில் பிடித்தும் மூக்கில் இடுக்கியும் மக்கள் பயன்படுத்தினர். காதோடு பொருந்தும் கம்பிகள் அமைந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். காதில் மாட்டிக்கொள்ளலாம் என்னும் எளிய எண்ணம் உருவாக, நானூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன!

நம் நாட்டில் கண்ணாடியின் பழமையை ஆராய்ந்தவர்களுள் புனே நகரத்து அறிஞர் ஒருவர் முதன்மையானவர். பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் நெடுங்காலம் காப்பாளராக இருந்த பி. கே. கோடே என்பாரே அவர். விஜயநகரப் பேரரசில் பெருமதிப்புப் பெற்று, 1539-இல் மறைந்த மத்துவ சமய ஆசாரியர் வியாசராயரின் வரலாற்றைச் சோமநாதர் என்னும் கவிஞர் வடமொழியில் எழுதினார். அதில், முதுமையுற்ற ஆசாரியர் கண்ணாடியின் துணையால் ஏட்டைப் படித்த செய்தி வருகிறது. கோடே இதனை எடுத்துக் காட்டினார். போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றிய ஆண்டு 1510. ஆதலின், மேலைக் கடல் வழியாக வந்த பொருள்களுள் ஒன்றாக அக்கண்ணாடி தென்னாட்டை அடைந்திருத்தல் கூடும்.

வந்த பொருளை வாங்கி அணிந்ததோடு தமிழ் நாட்டார் நின்றுவிடவில்லை. தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களை அறுத்துத் தீட்டி, கண்ணாடி வில்லைகளாக்கினர் கைவினைஞர். படிகம் எளிதில் கீறல் விழாதது, தொட்டால் குளிர்ந்திருப்பது. அதே தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசு கட்டிலில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் போற்றி வளர்த்தார். கண் நோய்ச் சிகிச்சையில் தனிப்பட்ட ஈடுபாடும் கொண்டிருந்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன. தமிழ் மண்ணில் வாழ்ந்த மராட்டிய மன்னர் கண் மருத்துவத்தைப் பேணிய செய்தி, மராட்டிய மண்ணில் வாழும் தமிழராகிய நமக்கு உவகை அளிப்பதாகும். சென்னையில் 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை, பிற்காலத்தில் எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையாக வளர்ந்தது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று அது.

தொடுவில்லையின் கதை வேறு. 1888-ஆம் ஆண்டில் சூரிச் நகரில் பணியாற்றிய அடோல்ப் பிக் என்னும் மருத்துவர், கண்ணாடியால் செய்த கிண்ணம் போன்ற வில்லைகளை முதலில் முயல்களின் கண்ணிலும், பின் தம் கண்ணிலும் பொருத்திப் பார்த்தார். கருவிழி கூம்பு போல் முன் தள்ளும் நோயினர்க்கு மூக்குக் கண்ணாடி போதிய பயன் தருவதில்லை. அத்தகையோர்க்கு உதவுவதே அவர் நோக்கம். அவ்வில்லைகள் வெண்விழியையும் மூடும் அளவு பெரியவை. சில மணி நேரத்துக்கு மேல் அவற்றைத் தாங்கக் கண்ணால் இயலவில்லை. 1948-இல் அமெரிக்கரான கெவின் டூகி என்பவர் கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் வில்லையை அமைத்தார். 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டெர்லே, குழந்தைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைக் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறி சமைத்து, நீரை உறிஞ்சி மென்மையாகும் வில்லையை வார்த்தெடுத்தார். அவ்வகை மென்வில்லை 1971-இல் அமெரிக்காவில் அரசின் ஒப்புதல் பெற்று விற்பனைக்கு வந்தது. இன்று கோடிக்கணக்கானோர் அணிவது அதன் வழித்தோன்றல்களையே.

இம்முயற்சிகள் அனைத்தும் ஒரு தடையையே வெல்ல முயன்றன. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருப்பின் ஒளி ஊடுருவாது. ஆதலின் தனக்கு வேண்டிய பிராணவாயுவின் பெரும்பகுதியை அது கண்ணீரின் வழியே வெளிக்காற்றிலிருந்து பெறுகிறது. அதன் மேல் எதை வைத்தாலும் அதன் மூச்சை ஓரளவு மறைத்தவர்களாவோம். காற்றை மிகுதியாக ஊடுருவ விடும் சிலிக்கோன் கலந்த மென்வில்லைகள் 1990-களின் இறுதியில் வந்த பின் இத்தடை பெரிதும் குறைந்தது. ஆயினும் வில்லையோடு உறங்குவோர்க்குக் கருவிழியில் கிருமி பற்றும் அபாயம் பல மடங்கு உயர்கிறது. குழாய் நீரில் வில்லையைக் கழுவுவதும், அதை அணிந்தவாறே நீராடுவதும் தீங்கானவை. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியைப் புண்ணாக்கினால், பார்வையே பறிபோதல் கூடும்.

இனி ஆகுர்டிக்கு வருவோம். அண்டையிலுள்ள பிம்ப்ரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் அமைந்தது. 1960-களில் ஆகுர்டியில் ஸ்கூட்டர் உற்பத்தி தழைத்தது. 2007-இல் அங்கு வாகன உற்பத்தி நின்ற பின்னும், சுற்றிலும் சிறுதொழிற் கூடங்கள் நிறைந்தே இருக்கின்றன. கடைசல் பொறியில் இரும்புத் துகள் பறக்கும். சாணைக்கல்லில் பொறி சிதறும். இத்தகைய இடத்தில் தொடுவில்லை கண்ணைக் காக்கும் கவசம் ஆகாது. வில்லைக்கு அடியில் துகள் புகுந்தால் துன்பம் மிகும். சாதாரண மூக்குக் கண்ணாடியும் கவசமன்று. எதனை அணிந்தாலும் அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. எண்ணெய் படிந்த கையால் வில்லையைத் தொடுதல் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆயினும் தொடுவில்லையை வெறும் அலங்காரம் என்று தள்ளுவதும் நேர்மையன்று. கூம்புக் கருவிழி உடையோர்க்கும், இரு கண்களின் அளவும் பெரிதும் வேறுபட்டோர்க்கும் அது கண்ணாடியினும் தெளிந்த பார்வை தரும். விளையாட்டு வீரர்க்கும் அது வசதியானது. ஆனால் கண்ணாடிக்கு எழுதிய சீட்டைக் கொண்டே வில்லை வாங்குதல் தவறு. கருவிழியின் வளைவையும் அளந்தறிய வேண்டும். கண் சிவந்த நாளில் வில்லையைக் கழற்றியாக வேண்டுமாதலால், அதை அணிபவரும் ஒரு மூக்குக் கண்ணாடியை வைத்திருத்தல் அவசியம்.

இவ்விரண்டில் எது என்னும் விவாதத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இரண்டும் இன்றியே காலம் தள்ளுவது அது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கிட்டப் பொருளைக் காண உதவும் எளிய கண்ணாடி பெற்றோரின் உழைப்புப் பயன், பெறாதோரினும் ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்ததை அது காட்டியது. பிற மாநிலத்தில் உழைத்துப் பிழைக்கும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். கண்ணாடி அணிந்தால் வரன் அமையாதென்று அஞ்சி, கரும்பலகை தெரியாத பெண்ணைக் கண்ணாடியின்றிப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமும் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. அப்பெண் வளர்ந்த பின் தன் விருப்பம் போல் தொடுவில்லை அணியட்டும். தூய்மை பேணும் பொறுப்பை அப்போது அவளே ஏற்பாள். இன்று அவளுக்கு வேண்டுவது ஒரு கண் பரிசோதனையும், ஒரு மூக்குக் கண்ணாடியுமே. அவற்றை அடுத்த தேர்வு வரை ஒத்திப் போடாதிருப்பது பெற்றோரின் கடமை.