கட்டற்ற மென்பொருளின் தமிழாக்கமும் பணிப் பகுப்பும்

ஒருவர் நூல் இயற்ற, அதனைப் பலர் படியெடுத்துப் பரப்புதல் ஏட்டுச்சுவடிக் காலத்து வழக்கம். கட்டற்ற மென்பொருளின் தமிழாக்கத்திலோ ஆக்குவோரும் பலர், பரப்புவோரும் பலர். இதனால் மொழிக்கு விளைந்தவை யாவை என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். லினசு டோர்வால்ட்சு 1991-இல் லினக்சின் கருவை வெளியிட்டார். மூலநிரலைக் கற்கவும் திருத்தவும் பகிரவும் எவர்க்கும் உரிமை உண்டு என்னும் கொள்கை தமிழர்க்கும் வாயில் திறந்தது. ஆயினும் திஸ்கி, டாம், டாப் என எழுத்துக் குறியீடுகள் பிரிந்து நின்றமையின், ஒருவர் உழைப்பு மற்றவர்க்கு எளிதிற் பயன்படவில்லை. ஒருங்குறி வேரூன்றிய பின்னரே பணியைப் பகுத்துக்கொள்ளுதல் எளிதாயிற்று.

மென்பொருளின் திரையில் தோன்றும் தொடர்கள் தனிக் கோப்புகளாகத் தொகுக்கப்பெறும். ஒவ்வோர் ஆங்கிலத் தொடரின் கீழும் தமிழ்த் தொடரை எழுதுதல் வேண்டும். எழுதாது விட்ட இடத்தில் ஆங்கிலமே தோன்றும். ஆதலின் குனோம், கே.டி.இ. முதலியவற்றைப் பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர் கூறுபடுத்திக்கொண்டு மொழிபெயர்த்தனர்.

இடர்ப்பாடு இலக்கணத்திலே தோன்றிற்று. 'இன்ன கோப்பை நீக்கு' என்னும் தொடரில் கோப்பின் பெயரைக் கணினியே பின்னர் இட்டு நிரப்பும். மொழிபெயர்ப்போர் அதனை முன்னறியார். ஆங்கிலத்தில் அப் பெயர் திரிபின்றி நிற்கும். தமிழிலோ இரண்டாம் வேற்றுமை உருபு பெயரோடு புணர்தல் வேண்டும். 'படம்' படத்தை எனவும், 'வீடு' வீட்டை எனவும் திரியும். சிலர் 'என்பதை' என ஒரு சொல்லை இடையிற் பெய்து இடர் தீர்த்தனர். சிலர் சிறுகோடிட்டு 'ஐ' எனத் தனித்தெழுதினர். முன்னதே தமிழியல்புக்கு ஒத்தது என்பது எம் கருத்து. 'சேமி' என ஏவலாற் கூறுவதா, 'சேமிக்கவும்' என மதிப்புத் தோன்றக் கூறுவதா என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. ஒரே மென்பொருளில் இரண்டும் விரவி வருதல் பலர் கை பட்டமைக்குச் சான்றாகும். இடைச்செருகல் ஆராய்ந்து பழகிய நம்மனோர்க்கு இது புதிதன்று.

பரப்புதலில் அரசின் பங்கும் உண்டு. சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இடம்பெற்றது. அரசுப் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்குரிய திட்டமாதலின், கொல்லிமலையின் எடப்புளி நாடு போன்ற மலைநாட்டு மாணவரும் அதற்குரியராயினர். இணையத்தை எதிர்பாராமல் பெயரறியாத் தன்னார்வலரின் சொற்கள் மலையேற அது வழிசெய்தது.

அச் சொற்களைத் தேர்ந்தோருள் கணினித் துறையினரே மிகுதி, தமிழ்த்துறையினர் சிலரே. கோப்புகளை உள்ளடக்குவதற்கு ஒரு குழுவினர் 'கோப்புறை' என்றனர். மற்றொரு குழுவினர் 'அடைவு' என்றனர். இரண்டும் இன்றும் வழங்குகின்றன.