போண்டி கடற்கரையும் ஒரு கயிறும்



சிட்னியில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி தன் மகளைக் கடற்கரை உயிர்காப்புச் சங்கத்தின் சிறுவர் பிரிவில் சேர்த்திருக்கிறாள். இப்போது அவளும் அங்கே தொண்டராகிவிட்டாள். "சார், ஞாயிறு காலையில் அங்கே போய் நின்றாலே மனசு லேசாகிறது. காரணம்தான் தெரியவில்லை" என்றாள். காரணம் அந்தச் சங்கங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு காலத்தில் சிட்னியில் பகல் வெளிச்சத்தில் கடலில் குளிப்பதே சட்டப்படி குற்றம். 1902-இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் மேன்லி கடற்கரையில் பட்டப்பகலில் இறங்கிக் குளித்து அந்தத் தடையை மீறினார். அடுத்த ஆண்டே மேன்லியில் தடை தளர்ந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடலில் இறங்கினார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது, அலையின் குணமும் தெரியாது. உயிர்கள் போயின. அரசாங்கம் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திராமல் உள்ளூர் இளைஞர்களே சங்கம் அமைத்தார்கள். போண்டி சங்கம் 1907-இல் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. 1910 முதல் தேர்வு வைத்து வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள்.

1907 ஜனவரியில் போண்டி அலையில் சிக்கிய ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் கரைசேர்த்தார்கள். அவன்தான் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித். 1928-இல் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, பசிபிக் பெருங்கடலை முதன்முதலாக விமானத்தில் கடந்தவர்.

அந்த நாளில் அவர்களுடைய முக்கியமான கருவி ஒரு பெரிய உருளையில் சுற்றிய நீளக் கயிறு. ஒருவர் இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு நீந்திப் போவார். கரையில் நிற்பவர்கள் கயிற்றைத் தலைக்கு மேல் பிடித்துச் சிக்காமல் விட்டுக்கொடுப்பார்கள். நீந்தியவர் ஆளைப் பிடித்ததும் சைகை காட்டுவார், இவர்கள் இழுப்பார்கள். நன்றாக நீந்துகிறவர் ஒருவர் போதாது, கயிறு பிடிப்பவரும் வேண்டும், உருளையைச் சுற்றுபவரும் வேண்டும். ஒருவர் வராவிட்டால் வேலை நடக்காது.

மனத்துக்கான மருந்தும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பணியில் இருந்தவரை காலை மணி அடித்தால் நாற்பது பிள்ளைகள் நமக்காகக் காத்திருப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு மணியும் இல்லை, காத்திருப்பவரும் இல்லை. ஓய்வூதியம் மாதாமாதம் வந்துவிடும். "நான் போகாவிட்டால் யாருக்கு நஷ்டம்?" என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்காது. அந்தக் கடற்கரையில் முறைப்பட்டியலில் பெயர் இருக்கிறவருக்கு அந்தக் கேள்வியே எழாது. உடற்பயிற்சி, காலை வெயில், கடல்காற்று, பேச்சுத்துணை எல்லாம் அதோடு சேர்ந்தே கிடைக்கின்றன.

ஆனால் இந்தத் தொண்டில் சுமையும் உண்டு. 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. போண்டியில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றவர்களை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போயின. ஏறத்தாழ 250 பேருக்கு உதவி தேவைப்பட்டது. தொண்டர்கள் கயிற்றோடும் பலகையோடும் வெறுங்கையோடும் பாய்ந்தார்கள். ஐந்து பேரைத் தவிர அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த ஐந்து பேரின் நினைவு, உள்ளே பாய்ந்தவர்கள் மனத்தில் எத்தனை நாள் கிடந்திருக்கும்! அப்படிப்பட்ட நாளில் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவனைவிட, அதே அலையைப் பார்த்த தோழர்கள் நடுவில் இருப்பவனுக்குப் பாரம் கொஞ்சம் குறையும். சேர்ந்து இழுத்தவர்களால்தான் சேர்ந்து அழவும் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு இந்தச் சங்கங்களில் முழு உறுப்பினராக ரோந்து செய்யும் உரிமை 1980-இல்தான் கிடைத்தது. அதுவரை பாதிப் பேரை வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். என் மாணவி இன்று சிவப்பு மஞ்சள் தொப்பியோடு நிற்பது அந்தக் கதவு திறந்ததால்தான்.

எல்லாரும் கடலில் குதிக்க வேண்டியதில்லை. இரத்த தான முகாம், நூலகம், மாலை நேர இலவச வகுப்பு, எதுவானாலும் சரி. நீங்கள் வராவிட்டால் ஒருவர் போன் செய்து "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முக்கியமாக, ஓய்வு பெறப்போகும் என் முதல் தொகுதி மாணவர்களே, இதை இப்போதே தேடி வையுங்கள். யார் யார் எங்கே சேர்ந்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்